பெண்கள் பக்கம் நாற்பது சஹன்

எனக்குக் கணக்கு தெரியாது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் ஜாஹிதா. அவளுக்கு அப்போது பதினோரு வயது. முதல் பாரத்தில், அதாவது ஆறாம் கிளாசில், ஜன்னல் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். நான் அவளுடைய கணக்கு வாத்தியார்.

என் பெயர் ஆதிநாராயணன். ஆரணிப் பக்கத்தில் நெல் பயிரிடுகிற குடும்பம். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான் என்கிற கர்வம் எனக்கு உண்டு. அதை மறைத்துக்கொள்ளவும் தெரியாது. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பேன். ஒன்றில் நீல மை, ஒன்றில் சிவப்பு மை. அந்தச் சிவப்புப் பேனாவை எடுக்கும்போது பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். இதை இன்றைக்கு எழுதக் கூசுகிறது, ஆனால் அப்போது கூசவில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம். பழவேற்காட்டில் ஏரியைப் பார்த்தபடி இருந்த ஓட்டுக் கட்டடம்தான் எங்கள் பள்ளிக்கூடம். அதன் பெயர் வேண்டாம். நடந்ததில் பள்ளிக்கூடத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பின்னம் ஆரம்பித்த நாள் அது. பலகையில் ஒரு வட்டம் போட்டு, நாலாகக் கோடு கிழித்து, மூன்று பாகத்துக்குச் சாக்பீஸ் தீட்டினேன். "முக்கால்னா என்ன?" என்று கேட்டேன். "ஒன்றை நாலாகப் பிரித்து மூன்றை எடுத்துக்கொள்வது சார்!" என்று வகுப்பே பாடியது. ஜாஹிதா மட்டும் வாயைத் திறக்கவில்லை. பலகையைப் பார்த்து எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன், உனக்கு வாய் இல்லையா?"

எழுந்து நின்றாள். "சார், மூணை நாலு பேருக்குப் பங்கு வெச்சா ஒரு ஆளுக்கு வர்றதும் முக்கால்தானே சார்?"

"மூணு என்ன?"

"இன்னா வேணா இருக்கலாம் சார். மூணு ரொட்டி. மூணு சஹன்."

சஹன் என்பது அவர்கள் வீட்டு விசேஷங்களில் வைக்கிற பெரிய தாம்பாளம். நெய்ச்சோற்றைக் குவித்து நடுவில் கறியை வைத்துக் கொண்டுவருவார்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தாம்பாளத்தில் சாப்பிடுவார்கள்.

"அது வகுத்தல். வகுத்தல் போன மாசமே முடிஞ்சி போச்சு. நான் நடத்தறது பின்னம்" என்றேன். "முக்கால் ஒன்றைவிடச் சின்னது. கையில மூணை வெச்சிக்கினு எவனாவது ஒன்றைவிடச் சின்னதைத் தேடுவானா? கிளாசுல உக்காந்து சோத்தையே நெனச்சிக்கினு இருந்தா இப்படித்தான் வரும் பதில்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தான் சொன்னதில் எங்கே தப்பு என்று தேடுகிற முகத்தோடு நின்றாள். அந்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை. "ஒன்றை நாலாகப் பிரித்து மூன்றை எடுத்துக்கொள்வதே முக்கால்" என்று நூறு தடவை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். அன்று மத்தியானத்துக்குள் பையன்கள் அவளுக்குச் சஹன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது என் காதில் விழுந்தது. நான் கண்டிக்கவில்லை.

அதே மத்தியானம் ஆசிரியர் அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். டிரில் மாஸ்டர் சாலமோன் கடையிலிருந்து வடை வாங்கிவரச் சொல்லியிருந்தார். கடைக்காரனிடம் மிச்சமிருந்தது மூன்றுதான். "பரவால்ல, கர்த்தர் அஞ்சு அப்பத்தை ஐயாயிரம் பேருக்குக் குடுத்தாரு, நான் மூணு வடையை நாலு பேருக்குக் குடுக்க மாட்டேனா?" என்று சொல்லிவிட்டு, சாலமோன் பேனாக்கத்தியால் ஒவ்வொரு வடையையும் நாலாக வெட்டினார். ஒவ்வொரு வடையிலிருந்தும் ஆளுக்கு ஒரு துண்டு வைத்தார். என் இலைத் துண்டில் மூன்று கால் வடை இருந்தது.

மூன்று கால் என்றால் முக்கால். மூன்றை நாலு பேருக்கு வகுத்தால் ஒரு ஆளுக்கு முக்கால். பி.ஏ. படித்தபோது இதைத் தெரிந்துகொள்ளாமல் எப்படிப் பாஸ் பண்ணினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. முக்கால் என்பதை எழுதும்போது நடுவில் ஒரு கோடு போடுகிறோமே, அந்தக் கோடுதான் வகுத்தல். இத்தனை வருஷம் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், அது எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"இன்னாய்யா, வடை புடிக்கலியா?" என்று சாலமோன் கேட்டார்.

"ஆறிப் போச்சு" என்றேன்.

மறுநாள் ஜாஹிதா நூறு தடவை எழுதிக்கொண்டு வந்தாள். ஒன்று குறையவில்லை. பென்சிலால், சீரான எழுத்தில், நாலரைப் பக்கம். அவளைக் கூப்பிட்டு, "நீ சொன்னது சரிம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. வகுப்பு முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் சிவப்புப் பேனாவை எடுத்துப் பக்கத்துக்கு ஒரு டிக் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் போயிற்று. ஒருநாள் சாயங்காலம் மணி அடித்த பிறகு ஜாஹிதாவின் வாப்பா அப்துல் கனி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கருவாட்டு வியாபாரி. அதிர்ந்து பேச மாட்டார். கையில் ஒரு நீளமான நோட்டு இருந்தது. பின்னால் ஜாஹிதா நின்றாள்.

"சார், பெரிய பொண்ணுக்கு நிக்காஹ் வெச்சிருக்கேன். வர்ற ஞாயித்துக்கெழம. நீங்க அவசியம் வரணும்" என்றார். பிறகு தயங்கினார். "ஒரு ஒத்தாசையும் பண்ணணும். எத்தினி சஹன் வெக்கணும்னு கணக்குப் போட்டுக் குடுக்கணும்."

"உங்க வீட்டு விசேஷத்துக்கு நான் எதுக்கு பாய்? சமையல்காரர் சொல்ல மாட்டாரா?"

"அமானுல்லா வெரலை மடக்கியே சொல்லிடுவாரு. வெஷயம் அது இல்ல சார். எங்க மச்சான் ஜலாலுதீன் இருக்காரே, பொட்டப் புள்ளைக்கு அஞ்சாங் கிளாசு போதும், அதுக்கு மேல ஸ்கூலுக்குப் போயி இன்னா ஆவப்போவுதுன்னு தெனத்துக்கு ஒரு தபா கேட்டுக்கினே கீறாரு. இந்தக் கல்யாணத்த ஸ்கூல் கணக்குலயே நடத்திக் காட்டிட்டேன்னு வெச்சிக்கோங்க, அவரு வாய் அடைஞ்சிப் பூடும். இவள நான் எஸ்எஸ்எல்சி வரைக்கும் படிக்க வெச்சிடுவேன்." மகளின் தலையைத் தொட்டார். "உங்க கணக்குல தப்பே வராதுன்னு இவதான் சொன்னா."

நான் ஜாஹிதாவைப் பார்த்தேன். குத்திக்காட்டுகிறாளோ என்று ஒரு சந்தேகம். அப்படி ஒன்றும் அந்த முகத்தில் இல்லை. அவள் அதை நம்பித்தான் சொல்லியிருக்கிறாள்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆண்கள் பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். நாலால் வகுத்தால் ஐம்பத்து மூன்று சஹன். பெண்கள் பக்கத்துக்கு அப்துல் கனி வீட்டு வாரியாக எழுதிவைத்திருந்தார். ஐம்பது வீடு. ஒரு வீட்டில் மூன்று பேர், ஒரு வீட்டில் இரண்டு பேர், ஒரு வீட்டில் ஐந்து பேர் என்று இருந்தது. எல்லாவற்றையும் கூட்டினேன். நூற்று அறுபது. நாலால் வகுத்தேன். நாற்பது. மிச்சமே வரவில்லை. எனக்கே ஒரு திருப்தி.

"சார்" என்றாள் ஜாஹிதா.

"என்ன?"

"பொம்பளைங்க பக்கம் ஊட்டுக்கு ஊடு தனித்தனியா உக்காருவாங்க சார். ஒரு ஊட்டு சஹன்ல இன்னொரு ஊட்டுக்காரங்க கை வெக்க மாட்டாங்க. மூணு பேரா இருந்தாலும் அவங்களுக்கு ஒரு சஹன் வெக்கணும். அதனால ஊடு ஊடா வகுத்து, முக்கால் வந்தா அத முழுசாக்கி, அப்பறமாத்தான் கூட்டணும்."

அவள் சொன்னதை ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டிருந்தால் போதும். வீட்டுக்கு மூன்று பேராக நாலு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே கூட்டினால் பன்னிரண்டு பேர், மூன்று சஹன். வீடு வீடாகப் போட்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் முக்கால் வரும், முக்கால் தாம்பாளம் என்று எதுவும் கிடையாது, முழுசாக்கினால் நாலு சஹன். வகுப்பது, முழுசாக்குவது, கூட்டுவது என்று மூன்று வேலைகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. வரிசையை மாற்றினால் விடை மாறும். பனியனுக்கு மேல் சட்டை போடுவதும் சட்டைக்கு மேல் பனியன் போடுவதும் ஒன்றில்லை என்பது கணக்கே படிக்காதவனுக்கும் தெரியும்.

ஆனால் அவள் வாயிலிருந்து முக்கால் என்ற வார்த்தை வந்ததுமே எனக்கு அந்த வடை ஞாபகம் வந்துவிட்டது. வாப்பாவை வைத்துக்கொண்டு என்னை மட்டம் தட்டுகிறாள் என்று தோன்றியது. சுர்ரென்று கோபம் ஏறியது.

"பகுதி ஒண்ணா இருந்தா தொகுதிகளைக் கூட்டி ஒரே தடவை வகுத்தா போதும். இது விதி. நான் சொல்லலை, புத்தகம் சொல்லுது" என்றேன். "முதல்ல கூட்டினாலும் ஒண்ணுதான், முதல்ல வகுத்தாலும் ஒண்ணுதான். எதை முதல்ல செய்யணும்னு நீ எனக்குச் சொல்லித் தரியா?"

விதி தப்பில்லை. பின்னங்களைக் கூட்டுகிற வரைக்கும் அது சரிதான். நடுவில் முழுசாக்குவது என்று ஒரு வேலை வந்து உட்கார்ந்துகொண்டால் அந்த விதி செல்லாது. அதைத்தான் அந்தப் பெண் சொன்னாள்.

அப்துல் கனி என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சார் சொன்னா கேட்டுக்கணும்மா" என்று அவளிடம் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஒரு சீட்டைக் கிழித்து, எடுப்பாகத் தெரியட்டும் என்று சிவப்பு மையில் எழுதினேன். ஆண்கள் பக்கம் 53. பெண்கள் பக்கம் 40. அடியில் ஒரு கோடும் போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாலமோனும் நானும் கல்யாணத்துக்குப் போனோம். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். நடுவில் வேட்டித் துணிகளைக் கட்டி ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் என்று பிரித்திருந்தார்கள். பாயில் உட்கார்ந்தோம். கவரைப்பேட்டை ரயில் ஸ்டேஷனில் வேலை பார்க்கிற ஒருவரும், முன்பின் தெரியாத இன்னொருவரும் எங்களோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள். நாலு பேர் ஆனதும் எங்கள் நடுவில் ஒரு சஹன் வந்து இறங்கியது. அடுத்தவர் கை படுகிற தட்டில் நான் அதுவரை சாப்பிட்டதில்லை. கொஞ்சம் தயங்கினேன்.

"கை வெய்யா, கால் பங்கு உன்னுதுதான். உன் கணக்குதானே?" என்று சாலமோன் காதில் சொன்னார்.

ஜலாலுதீன் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிடப் பெரியது. எங்கள் கையில் தண்ணீர் ஊற்றியபடியே, "வாத்தியாரே, அம்பத்திமூணுன்னு சொன்னீங்களாம். அம்பத்திமூணேதான் போச்சு. ஒண்ணு கூடல, ஒண்ணு கொறயல" என்றார். "சரி, நான் இனிமே குறுக்க வரல. புள்ள படிக்கட்டும். எவ்ளோ வேணா படிக்கட்டும்."

அந்த ஐந்து நிமிஷம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நெய்ச்சோறு மணத்தது. ஸ்டேஷன்காரரிடம் நான் யார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

துணிக்கு அந்தப் பக்கம் முதலில் ஒரு சலசலப்பு. பிறகு ஒரு அம்மாளின் குரல் உயர்ந்தது. பிறகு நிறைய குரல்கள். ஒரு கிழவர் வந்து ஜலாலுதீனிடம் ஏதோ சொன்னார். ஜலாலுதீன் செம்பைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். வாய்க்கு வாய் விஷயம் எங்கள் பந்திக்கும் வந்தது. பெண்கள் பக்கத்தில் நாற்பது சஹன் வைத்தாகிவிட்டது. இன்னும் பதினெட்டுத் தாம்பாளம் வேண்டும். உலையில் சோறு இல்லை. மாப்பிள்ளையின் உம்மாவும் அவர் ஊரிலிருந்து வந்திருந்த பெண்களும் வெறும் பாயில் கை கழுவி உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் மூன்று பேர் ஒரு நிறைந்த சஹனைச் சுற்றி உட்கார்ந்து, சாப்பிடவும் முடியாமல் எழுந்திருக்கவும் முடியாமல் தவிக்கிறார்கள். அவர்களோடு போய் ஒட்டிக்கொள்ளுங்கள் என்று சம்பந்தி வீட்டாரைப் பார்த்து யார் சொல்ல முடியும்?

ஜலாலுதீன் திரும்பி வந்தார். அவர் முகம் நான் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பார்த்த முகமே இல்லை.

"நாப்பதுன்னு சொன்னது யாரு?" என்று பந்தலே அதிரக் கத்தினார். "சம்பந்தி ஊட்டு பொம்பளைங்க பசியோட உக்காந்துகீறாங்க. இதுவும் வாத்தியாரு போட்ட கணக்குதானா?"

சமையல்காரர் அமானுல்லா மடியிலிருந்து சீட்டை எடுத்து அப்துல் கனியிடம் நீட்டினார். அப்துல் கனி அதைப் பிரித்துப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார். எங்கள் சஹன் பக்கம்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். நான் குனிந்துகொண்டதால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அப்போதுதான் ஜாஹிதாவின் குரல் கேட்டது. புதுப் பாவாடையும் தாவணியும் போட்டு, இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு துணிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"நான்தான் மாமா. சார் சரியாத்தான் சொன்னாரு. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

ஜலாலுதீன் கையை ஓங்கி அவள் கன்னத்தில் ஒரு அறை விட்டார். குடம் கீழே விழுந்து உருண்டது. தண்ணீர் எங்கள் பாய் வரைக்கும் ஓடிவந்தது.

என் வாயில் சோறு இருந்தது. முழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். முழுங்கினேன். சொல்லவில்லை. கை சஹனிலேயே இருந்தது. அடுத்த கவளத்தையும் எடுத்தேன், ஏனென்றால் சும்மா இருந்தால் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்று பயம். அப்துல் கனி அந்தச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உலைப் பக்கம் போனார். இன்னொரு உலை கொதித்து இறங்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்றாம். அதற்குள் நான் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

வழியில் சாலமோன் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தார்.

திங்கட்கிழமை ஜன்னல் ஓரத்துப் பெஞ்சில் ஒரு இடம் காலியாக இருந்தது. பெயர் கூப்பிட்டபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "சார், சஹன் வரல சார்" என்றான். வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பை அவர்களுக்குப் பழக்கிவிட்டது நான்தான். பதிவேட்டில் குறி போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. கல்யாண வீடு, களைப்பாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள், கோபம் தணியட்டும், அப்புறம் போகலாம் என்று சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வந்ததும், தொழுகை முடிந்து ஜலாலுதீன் அங்கே இருப்பார், வேண்டாம் என்று தோன்றியது. இப்படியே பத்து நாள் போயிற்று. நாளை நகர்த்துவதற்கு ஒரு காரணத்தைத் தேடினால் ஒன்பது காரணம் கிடைக்கிறது.

பதினோராம் நாள் போனேன். அப்துல் கனி மண்டியின் முன்பக்கம் உட்கார்ந்து கருவாட்டு மூட்டைகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, முக்காலி எடுத்துப் போட்டார். உள்ளே பார்த்து டீ கொண்டுவரச் சொன்னார். அந்த மரியாதையே எனக்கு உறைத்தது.

"பாய், ஒண்ணு சொல்லணும். அந்த நாப்பது என் தப்பு" என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் அது. "ஜாஹிதா அப்பவே சரியா சொன்னா. நான்தான் கேக்கலை. அவ எழுதவே இல்லை. உங்க மச்சான்கிட்ட நானே வந்து சொல்றேன். அவர் எத்தனை பேச்சுப் பேசினாலும் கேட்டுக்கறேன். பொண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க."

அப்துல் கனி கயிற்றை முடிச்சுப் போட்டு முடித்தார்.

"மச்சான் மறுநாளே சொல்லிட்டாரு சார். புள்ள தெரியாம எழுதிட்டா, அடிச்சது என் தப்பு, ஸ்கூலுக்கு அனுப்பிடுன்னு. ரெண்டு தபா வந்து சொன்னாரு." என்னை நேராகப் பார்த்தார். "நிறுத்தினது நான்."

சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துப் பிரித்தார். பத்து நாள் வியர்வையில் சிவப்பு மை கொஞ்சம் ஊறியிருந்தது. ஆனால் 40 என்பது தெளிவாகத் தெரிந்தது.

"என் கண்ணு முன்னால நீங்க எழுதினதுதானே சார் இது. எங்க ஊட்ல செவப்பு இங்க் ஏது?"

சீட்டை என் முன்னால் ஒரு மூட்டையின் மேல் வைத்தார்.

"அன்னிக்கே எனக்குத் தெரியும். நீங்க எழுந்து ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்பறம் திங்கக்கெழம வருவீங்கன்னு பாத்தேன். கணக்கு தப்பினதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார். யாவாரத்துல எனக்கு தெனத்துக்கு ஒண்ணு தப்புது. ஆனா எம் புள்ள கன்னத்துல அடி விழும்போது நீங்க துன்னுக்கினு இருந்தீங்க." அவர் குரல் உயரவே இல்லை. "அவ உங்கள மாதிரி கணக்கு கத்துக்கினா எனக்கு சந்தோசம். உங்கள மாதிரி ஆயிட்டா இன்னா பண்றது?"

அப்போது ஜாஹிதா டீ கிளாசோடு வந்தாள். என் பக்கத்தில் வைத்தாள். போகாமல் நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா?"

அப்துல் கனி அடுத்த மூட்டையை இழுத்துக்கொண்டார்.

"ஆம்பளைங்க பக்கமும் கூட்டித்தானே சார் வகுத்தீங்க. அங்க மட்டும் எப்படி சரியா வந்துச்சு?" நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள். "அங்க யாரு வேணா யார் கூடயும் உக்காந்துக்குவாங்க. அதனால எல்லாரையும் கூட்டிட்டு, கடைசில ஒரு தபா முழுசாக்கினா போதும். அதானே சார்?"

பத்து நாளாக அடுப்படியில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்திருக்கிறாள். கன்னத்தில் வாங்கிய அடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சரிம்மா" என்றேன். "அன்னிக்கு கிளாசுல சொன்னியே, மூணை நாலு பேருக்குப் பங்கு வெக்கறதுன்னு. அதுவும் சரி. அதுதான் முக்கால்."

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்து, எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. பிறகு அவள் புருவம் சுருங்கியது. கணக்கில் ஒரு படி விட்டுப்போனால் அவள் முகம் அப்படித்தான் ஆகும்.

"அந்த நூறு தடவ எழுதினதுக்கு டிக் போட்டீங்களே சார். அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

அப்துல் கனியும் என்னைப் பார்த்தார். பொய் சொல்லலாம். இப்போதுதான் தெரிந்தது என்று சொன்னால் அவள் நம்பியிருப்பாள். என் கணக்கில் தப்பே வராது என்று நம்பியவள்தானே.

"தெரியும்மா" என்றேன்.

அவள் நான் தொடாத டீ கிளாசை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.